நாட்காட்டிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்காட்டிகளைப் பற்றி எழுதுவோர் மிகுதியாகச் செய்யும் தவறு, ஜனவரியில் தொடங்காத ஆண்டுக் கணக்குகளை எல்லாம் ‘சந்திர நாட்காட்டி’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதாகும். ரமலான், சீனப் புத்தாண்டு, யூதர்களின் பாஸ்கா, தெலுங்கரின் யுகாதி ஆகிய நான்கும் நிலவின் போக்கை ஒட்டியே வருகின்றன என்றாலும், அவற்றின் பின்னுள்ள கணக்கு ஒன்றல்ல. பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள்கள் வரும். சூரிய ஆண்டோ அதைவிட ஏறத்தாழ 11 நாள்கள் நீண்டது. இந்த 11 நாள்களை என்ன செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

இஸ்லாமிய நாட்காட்டி அந்த வேறுபாட்டை ஈடுகட்டுவதே இல்லை. ஆகவே ரமலான் எல்லாப் பருவங்களையும் சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் மறுமுறையும் தொடங்கவிருக்கிறது. யூதர்கள் 19 ஆண்டுகளுக்கு 7 மாதங்களைக் கூடுதலாகச் சேர்த்து, பாஸ்கா இளவேனிலை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சீனர் முறையும் தெலுங்கர், கன்னடர் முறையும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்தவை. ஓராண்டில் சூரியன் வானில் செல்லும் பாதையைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் எல்லைகளில் எதையும் சூரியன் கடக்காத சந்திர மாதத்தையே இரு சாராரும் பொதுவாகக் கூடுதல் மாதமாகக் கொள்கின்றனர்; இங்கே அதற்கு அதிக மாதம் என்று பெயர். இருந்தும் 2023இல் சீனரின் கூடுதல் மாதம் மார்ச், ஏப்ரலிலும், நம் அண்டை மாநிலத்தாரின் அதிக மாதம் ஜூலை, ஆகஸ்டிலும் வந்தன. விதி ஒன்றாயினும், அந்தப் பன்னிரண்டு எல்லைகளை இருவரும் வானில் ஒரே இடத்தில் போடவில்லை என்பதே காரணம்.

இந்த எல்லை வேறுபாட்டைக் கவனியாமல் விடுவது அடுத்த தவறு. தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான தவறும் இதுவே. ஈரானியர் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத் தருணத்தை வைத்து ஆண்டைத் தொடங்குகிறார்கள். இவ்வகை ஆண்டு பருவங்களோடு பிணைக்கப்பட்டது. அதன் நீளம் 365.2422 நாள்கள். நம் பஞ்சாங்கம், சூரியன் விண்மீன்களின் பின்னணியில் அதே இடத்துக்குத் திரும்பிவர ஆகும் காலத்தை ஆண்டாகக் கொள்கிறது. அது ஏறத்தாழ 20 நிமிடம் கூடுதல். ஒருவர் வாழ்நாளில் இதனால் ஏறத்தாழ ஒரு நாள்தான் நகரும், ஆனால் நூற்றாண்டுகளில் வாரக்கணக்காகச் சேர்ந்துவிடுகிறது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். தை பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15இல். கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றியிருந்தன. தை முதல் நாளில்தான் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு தவறோ, பஞ்சாங்கம் பிசகிவிட்டது என்று எள்ளுவதும் அவ்வளவு தவறு. பருவத்தைக் காப்பேன் என்று வாக்களிக்காத கணக்கைப் பருவம் தவறியதற்காகக் குறை சொல்வது முறையாகாது. வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, பருவத்தை ஒட்டிய தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அது அரசிதழில் ஏறியதே தவிர, வீட்டுச் சுவரில் ஏறவில்லை.

தமிழ் மாதங்கள் ஏன் சீராக 30 நாள்களாக இல்லை என்ற ஐயமும் இங்கேயே தீர்ந்துவிடும். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் விரைந்தும், ஜூலையில் தொலைவில் மெதுவாகவும் செல்வதால், மார்கழி குறுகியும் ஆனி நீண்டும் அமைகின்றன.

ஆண்டு எண்களை மாற்றும்போது ஒரே எண்ணைக் கழித்துவிட்டுப் போவதும் பரவலான பிழை. இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு கி.பி. 622இல் தொடங்கியது என்பதை மட்டும் அறிந்தவர், 2025இலிருந்து 622ஐக் கழித்து 1403 என்பார். ஆனால் 2025 ஜூனில் தொடங்கியது 1447. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 நாள்களாகச் சேர்ந்த வேறுபாடு 43 ஆண்டுகளாகிவிட்டது; முதல் ஆண்டையே 1 என்று எண்ணுவதால் இன்னும் ஒன்று கூடுகிறது. கொல்லம் ஆண்டு சூரியக் கணக்கு ஆகையால் அங்கே கழித்தல் செல்லும். ஆயினும் கேரள வழக்கில் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால், மாதத்தைப் பார்த்து 825 அல்லது 824 ஐக் கழிக்க வேண்டும். எத்தியோப்பியா தன் 2000ஆம் ஆண்டை 2007 செப்டம்பரில் கொண்டாடியதைப் பார்த்து அந்நாடு காலத்தில் பின்தங்கியது என்று வேடிக்கையாக எழுதினார்கள். இயேசுவின் பிறப்பை அங்குள்ள திருச்சபை வேறு ஆண்டில் வைத்துக் கணக்கிட்டது, அவ்வளவே.

ஐரோப்பியத் தேதிகள் மட்டும் ஐயமற்றவை என்று நம்புவதும் கூடாது. 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று திருத்திய கிரிகோரியன் முறையை இங்கிலாந்து 1752 வரையிலும் ரஷ்யா 1918 வரையிலும் ஏற்கவில்லை. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற புகழ்பெற்ற கூற்று, இத்தாலியின் புதிய கணக்கையும் இங்கிலாந்தின் பழைய கணக்கையும் கலந்ததால் விளைந்தது. கலிலியோ 1642 ஜனவரி 8இல் இறந்தார். நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25, அதே புதிய கணக்கில் 1643 ஜனவரி 4. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாள் நவம்பர் 7 ஆனதும் இதே கதைதான்.

தமிழ் ஆவணங்களைப் படிப்போர் அறுபதாண்டுச் சுழற்சியில் சறுக்குவதுண்டு. ஓலையில் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1987இல் தொடங்கியதா, 1927இலா, 1867இலா என்பது பெயரால் விளங்காது. வட இந்தியாவின் அறுபதாண்டுக் கணக்கு வேறாக ஓடுவதால், அங்குள்ள அட்டவணையைக் கொண்டு பார்த்தால் இன்னும் பிசகும். ஆவணத்தில் உள்ள கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் ஒருங்கே பொருந்தும் ஆண்டைத் தேடுவதே வழி. கல்வெட்டு ஆய்வாளர்களின் இத்தேவைக்காகவே எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாள்களுக்குக் கணித்த அட்டவணைகளை 1922இல் வெளியிட்டார்.