எந்த நகர்த்தலை முதலில் பார்ப்பது?

தங்கச்சிமடத்தில் அப்பாவோடு பழைய வள்ளம் விலைக்குப் பார்க்கப் போனால், அவர் நேரே அடிப்பலகைக்குக் குனிவார். கத்திமுனையால் ஒரு குத்து. உள்ளே இறங்கினால் பேச்சு முடிந்தது. மற்ற பலகைகளைத் தட்டிப் பார்க்கவே மாட்டார். செஸ் நிரலில் ஆல்ஃபா-பீட்டா தேடல் செய்வதும் இதுதான். நம் நகர்த்தலைக் கெடுக்க எதிராளிக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டால் அதோடு விட்டுவிடலாம், எவ்வளவு மோசம் என்று அளக்க வேண்டாம். இதற்குத்தான் கட்ஆஃப் என்று பெயர்.

ஆனால் அந்தப் பதில் பட்டியலின் கடைசியில் கிடந்தால்? ஒரு நிலைக்கு 35 நகர்த்தல் என்று வைத்தால், நான்கு நகர்த்தல் ஆழத்தில் (இரு தரப்பும் சேர்த்து) 15 லட்சத்துக்கு மேல் கடைசி நிலைகள் வரும். வரிசை கச்சிதமாக இருந்தால் 2,449 போதும். க்னூத்தும் மூரும் 1975-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது.

அந்த வரிசையை இப்படி அமைக்கலாம். முதலில் ஹாஷ் அட்டவணை, அதாவது ஏற்கெனவே தேடிய நிலைகளையும் அவற்றில் கிடைத்த நல்ல நகர்த்தலையும் குறித்துவைக்கும் பட்டியல், தரும் நகர்த்தல். ஆழம் 1, 2, 3 என்று படிப்படியாகத் தேடுவது வெட்டிவேலை போலத் தெரியும், ஆனால் அட்டவணையை நிரப்புவது அதுதான். அடுத்து வெட்டுகள். வெட்டுப்படும் காயின் மதிப்பைப் பத்தால் பெருக்கி, வெட்டும் காயின் மதிப்பைக் கழியுங்கள். ராணிக்கு 9, சிப்பாய்க்கு 1 என்று வைத்தால், சிப்பாய் ராணியை வெட்டினால் 89, ராணி சிப்பாயை வெட்டினால் 1. அப்புறம் கில்லர் நகர்த்தல்கள், அதாவது அதே ஆழத்தில் பக்கத்துக் கிளையில் கட்ஆஃப் தந்தவை. ஆழத்துக்கு இரண்டு போதும். அந்தக் காய் இங்கே அதே கட்டத்தில்தான் நிற்கிறதா, நகர்த்தல் செல்லுமா என்று பார்த்துவிட்டு ஆடுங்கள். மீதியை ஹிஸ்டரி மதிப்பெண்ணால், அதாவது தேடலில் இதுவரை ஒரு நகர்த்தல் எவ்வளவு கட்ஆஃப் தந்தது என்ற கணக்கால், அடுக்கலாம். முழுப் பட்டியலையும் ஒரேயடியாக வரிசைப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இருப்பதில் பெரியதை மட்டும் எடுங்கள், பாதியிலேயே கட்ஆஃப் விழுந்துவிடும்.

நான் இதில் மாட்டிய கதை: மேலே சொன்ன மதிப்பெண்ணைத் தலைகீழாக அடுக்கிவிட்டேன். ராணி சிப்பாயை வெட்டுவது முதலில் வந்தது. கொடுமை என்னவென்றால், நிரல் சரியாகவே ஆடியது, மெதுவாக. லேப்டாப்தான் திணறுகிறது என்று ராமநாதபுரம் பஸ் பிடித்துப் போய் கூடுதல் ராம் (RAM) நினைவகம் வாங்கிப் போட்டேன். அப்போதும் மெதுவாகத்தான் ஆடியது.

வரிசைப் பிழை விடையை மாற்றாது, நேரத்தைத்தான் தின்னும். அதனால் இரண்டு எண்ணிகள் வையுங்கள்: மொத்த கட்ஆஃப் எத்தனை, அதில் முதல் நகர்த்தலிலேயே விழுந்தது எத்தனை. 100-க்கு 90 பக்கம் வந்தால் சரி. ஹாஷை அணைத்துவிட்டு, ஒரே ஆழத்தில், வரிசையோடும் வரிசை இல்லாமலும் ஓட்டிப் பாருங்கள். மதிப்பீடு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் பிழை வேறெங்கோ இருக்கிறது.

பின்வரிசை நகர்த்தல்களை ஆழம் குறைத்துத் தேடும் உத்தியை அந்த விகிதம் தேறிய பிறகு சேருங்கள். முன்பே சேர்த்தால் நல்ல நகர்த்தல்தான் பின்னால் கிடந்து மேலோட்டமாகப் பார்க்கப்படும், அப்போது விடையே மாறிவிடும்.