எடைக் குறைப்பு ஊசி: 3,500-ஐ 12-ஆல் பெருக்காதீர்கள்

பெரியப்பா மகன் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 3,500 × 12 = 42,000. "வருஷத்துக்கு இவ்வளவுதானேடா, சமாளிச்சிடலாம்."

எடைக் குறைப்பு ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். ஆனால் ஒரு குப்பி ஒரு வாரத்துக்குத்தான். அதுவும் 2.5 என்பது உடம்பு பழகுவதற்கான அளவு. நான்கு வாரம் கழித்து 5-க்குப் போக வேண்டும், அது அப்போது 4,375. அந்த விலையில், அளவை அதற்கு மேல் கூட்டாமலே, 52 வாரத்துக்கு 2,24,000 ரூபாய். அண்ணன் பேனாவை மூடிவிட்டார்.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித் தொடங்குவதும் தவறு. பாலிசியில் விலக்குகள் பகுதியைப் புரட்டினால் 'உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு' என்று ஒரு வரி இருக்கும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 40-ஐத் தொட்டால், அல்லது 35-ஐத் தொட்டு, கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுக்கு அடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. கத்திக்குக் கொடுப்பவர்கள் ஊசிக்குக் கொடுப்பதில்லை. வேடிக்கைதான், ஆனால் விதி அப்படி.

சரி, 'சர்க்கரை' என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கேட்கலாமா? வேண்டவே வேண்டாம். உண்மையான சர்க்கரை நோயாளிக்கே மருந்துக்கடைச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. அட்மிட் ஆக வேண்டும். பொய் என்று தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம். நாளைக்கு நெஞ்சுவலி என்று படுத்தால் கையில் ஒன்றும் இருக்காது.

காசு மிச்சம் பிடிக்க வாரம் விட்டு வாரம் போடுபவர்களும் உண்டு. நீண்ட இடைவெளி விட்டுவிட்டுப் பழைய அளவையே போட்டால் வாந்தி பிடுங்கி எடுக்கும். டாக்டர் திரும்பவும் சின்ன அளவிலிருந்து தொடங்கச் சொல்லலாம். அப்புறம் மிச்சம் எங்கே? அதைவிட, குறைந்த அளவிலேயே நிற்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். ஜிம்மில், வாட்ஸ்அப்பில் மலிவாக வருவதை நம்பாதீர்கள். இது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. யார் வீட்டு ஃப்ரிட்ஜில் எத்தனை பவர்கட் பார்த்ததோ! பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கவும் அவசரம் வேண்டாம். இன்னொரு எடைக் குறைப்பு ஊசியான வெகோவி 2025 ஜூனில் வந்தபோது தொடக்க அளவுக்கு மாதம் 17,345. நவம்பரிலேயே 10,850 ஆக்கினார்கள். அதிலுள்ள மருந்தான செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதனால் உள்ளூர் கம்பெனி மருந்து உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைடு என்ற வேறு மருந்து. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லாவற்றையும் விட, "மூணு மாசம் போட்டு இறக்கிட்டு நிறுத்திடலாம்" என்பதுதான் காசைக் கரியாக்கும். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களை ஆய்வில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இதைச் சொன்னதும் அண்ணன் அந்தப் பில்லைத் திரும்ப எடுத்து, 12-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.