பட்டப்பெயர் கேட்கும் மல்யுத்த வினாடி வினா: கேள்வி எழுதுவது முதல் புள்ளி போடுவது வரை

"நேச்சர் போய் (Nature Boy) யார்?" என்று கேட்டால் மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் ரிக் ஃபிளேர் என்று எழுதுவார்கள். பின்வரிசையில் இருக்கிற ஒரு மாமா, படி ரொஜர்ஸ் (Buddy Rogers) என்று எழுதுவார். இரண்டும் சரி. ரொஜர்ஸ்தான் அந்தப் பெயரைப் பிரபலமாக்கினார், ஃபிளேர் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், 1979இல் இருவரும் மோதி ஃபிளேர் வென்றும் இருக்கிறார். பிழை கேள்வி எழுதியவருடையது. விளையாட்டுக் கழகத்திலோ சனசமூக நிலையத்திலோ நடக்கும் மல்யுத்த வினாடி வினாவில் வாக்குவாதம் வெடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கேள்வியில்தான்.

பட்டப்பெயர் தனியே நின்றால் ஆடும். அதற்கு ஆணி அடிக்க வேண்டும். ஆண்டு, போட்டி நடத்திய கம்பனி, எதிராளி, சம்பியன் பட்டம் என்ற நான்கில் குறைந்தது ஒன்றைக் கேள்விக்குள்ளேயே வையுங்கள். "1963 மே 17 அன்று நியூயோர்க் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் புருனோ சமார்ட்டினோவிடம் 48 விநாடியில் பட்டத்தை இழந்த நேச்சர் போய் யார்?" என்று கேட்டால் ஃபிளேர் என்று எவரும் வாதாட முடியாது.

ஒரே பெயருக்கு இரண்டு சொந்தக்காரர் இருக்கும் இடங்களை முதலில் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "தி அனிமல்" என்றால் இன்றைய பெடியன்களுக்கு பட்டிஸ்டா. எண்பதுகளில் பார்த்தவருக்கு வளையத்தின் மூலைப் பஞ்சுறையைப் பல்லால் கிழித்த பச்சை நாக்கு ஜோர்ஜ் ஸ்டீல். "லிவிங் லெஜன்ட்" சமார்ட்டினோவுக்கும் உண்டு, அவரிடம் பயிற்சி பெற்றுப் பிறகு அவருக்கே எதிரியான லரி ஸபிஸ்கோவுக்கும் உண்டு. "ஸ்ட்ராங்ளர்" என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவன் லூயிஸிடம் இருந்தது. பிறகு ரொபர்ட் ஃபிரெட்ரிக் என்பவர் எட் லூயிஸ் என்று பெயர் மாற்றியபோது பட்டப்பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். "உலகின் எட்டாவது அதிசயம்" ஆண்ட்ரே த ஜயன்ட், "ஒன்பதாவது அதிசயம்" சைனா. இது பிசகு அல்ல, வேண்டுமென்று வைத்த தொடர்ச்சி. இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டு இரண்டு புள்ளி கொடுக்கலாம்.

ஒருவருக்கே பல பெயர்கள் இருப்பது வேறு சிக்கல். அண்டர்டேக்கர் 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸில் வந்தபோது இறந்த மனிதன். 2000 முதல் 2003 வரை மோட்டார் சைக்கிளில் வந்த "அமெரிக்கன் பாட்ஆஸ்". 2004 மார்ச்சில் ரெஸில்மேனியா 20 என்ற வருடாந்தப் பெருநிகழ்ச்சியில் மீண்டும் "டெட்மேன்", அந்தப் பாத்திரத்துக்குத்தான் மணியோசை. ஆகவே "2001இல் அண்டர்டேக்கர் வரும்போது கேட்ட மணியோசை" என்று கேள்வி எழுதினால் கேள்வியே பிழை. ரொக் 1996இல் வந்தபோது ரொக்கி மைவியா. ரொக்கி ஜோன்சன் என்ற தகப்பன் பெயரையும் பீட்டர் மைவியா என்ற தாய்வழிப் பாட்டன் பெயரையும் ஒட்டியது. பெயருக்கும் ஆண்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் எழுதப்பட்ட கேள்விதான் அதிகம் அடி வாங்கும்.

கம்பனிப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். இந்தப் போட்டிகளை நடத்தும் பெரிய கம்பனி 1963இல் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப்., 1979இல் ஒரு டபிள்யூ குறைந்தது, 2002 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆனது. கடைசி மாற்றத்துக்குக் காரணம் பாண்டாச் சின்னம் வைத்த இயற்கைப் பாதுகாப்பு நிதியத்துடனான வழக்கு. அப்போது இருவருடைய சுருக்கெழுத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பனியை 2001 மார்ச்சில் விலைக்கு வாங்கியதால் அதன் பழைய வரலாறும் இப்போது ஒரே கடைக்குள் இருக்கிறது. "டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் ஸ்டீவ் ஒஸ்டினின் முதல் பெயர் என்ன?" என்றால் "தி ரிங்மாஸ்டர்". டபிள்யூ.சி.டபிள்யூ.வில் அவர் "ஸ்டன்னிங்" ஸ்டீவ் ஒஸ்டின். கம்பனியைச் சொல்லாமல் கேட்டால் இரண்டுக்கும் புள்ளி கொடுக்க வேண்டி வரும்.

தமிழில் மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள்

இது தமிழில் நடத்துவோருக்கே உரிய வலை. "பாம்பு என்று அழைக்கப்பட்டவர் யார்?" என்று ஒருவர் கேட்டு வைப்பார். ஜேக் "தி ஸ்நேக்" ரொபர்ட்ஸ் பாம்பு. ராண்டி ஓர்டன் "தி வைப்பர்", அதுவும் பாம்பு. ஒஸ்டின் "டெக்சாஸ் ராட்டில்ஸ்நேக்", அதுவும் பாம்பு. மூன்று அணி மூன்று விடை எழுதும், மூன்றும் சரி. "ராஜா" என்றால் ஜெரி லோலரா, ஹார்லி ரேஸா, "கிங் ஒஃப் கிங்ஸ்" ட்ரிப்பிள் எச்சா? பட்டப்பெயரை ஒலித்தபடியே வாசியுங்கள், கேள்வியின் மற்றப் பகுதியைத் தமிழில் வையுங்கள்.

இதே பாம்புக் குழப்பத்தை நல்ல கேள்வியாகவும் மாற்றலாம்: "1996 ஜூன் 23 அன்று கிங் ஒஃப் த ரிங் இறுதியில் மோதிய இருவருக்கும் பாம்புப் பெயர் உண்டு. யார் யார்?" ஒஸ்டினும் ஜேக் ரொபர்ட்ஸும். "ஒஸ்டின் 3:16" என்ற ஒஸ்டினின் புகழ்பெற்ற வாசகம் பிறந்த இரவு அது. (ஒஸ்டினுக்கு ராட்டில்ஸ்நேக் என்ற பெயர் நிலைத்தது அதற்குப் பிறகுதான். "உண்டு" என்பதை "இருந்தது" என்று மாற்றினால் கேள்வி கெட்டுவிடும்.)

விடைத்தாளில் எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். போய் என்றும் பாய் என்றும், ரொக் என்றும் ராக் என்றும் எழுதுவார்கள். வாசித்தால் அந்த ஆள்தான் என்று காதுக்குத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் "ஹார்ட்" என்று மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. பிரெட்டும் ஹார்ட், ஓவனும் ஹார்ட்.

கதை வேறு, ஆள் வேறு

மல்யுத்தத்தில் மேடையில் சொல்லும் கதையை நிஜம் போலக் காப்பதற்கு கேஃபேப் என்று பெயர். கேள்வி எழுதுபவர் தான் எந்தப் பக்கத்தில் நின்று கேட்கிறார் என்று காட்ட வேண்டும். "அண்டர்டேக்கரின் தம்பி யார்?" என்பதற்கு "கதையின்படி" என்ற ஒரு சொல் சேர்த்தால் கேன் என்ற விடை சுத்தமாக நிற்கும். கேன் 1997 ஒக்டோபரில் அறிமுகமானார். ஆனால் அந்த முகமூடிக்குள் இருந்த கிளென் ஜேக்கப்ஸ் 1995இலேயே ஐசக் யாங்கெம் என்ற பல் வைத்தியராக வந்துவிட்டார். பாத்திரத்தின் அறிமுகமா, ஆளின் அறிமுகமா என்று எழுதாவிட்டால் அணித்தலைவர் எழும்பி நிற்பார், நியாயமாகவே. யோகோசூனா ஜப்பானியராக வந்தார்; ஆள் அமெரிக்காவில் பிறந்த சமோவா வம்சத்தவர்.

"முதல்" என்ற சொல் எங்கள் ஊர்ப் போட்டிகளில் அளவுக்கு மிஞ்சிப் பாவிக்கப்படுகிறது. "முதல் இந்தியச் சம்பியன்" என்று கேட்டால் கிரேட் காலி (2007, வேர்ல்ட் ஹெவிவெயிட் பட்டம்) ஒரு பக்கம், ஜிந்தர் மஹால் (2017, டபிள்யூ.டபிள்யூ.ஈ. பட்டம்) மறுபக்கம். ஜிந்தர் கனடாவின் கல்கரியில் பிறந்தவர், பட்டமும் வேறு. "இந்தியாவில் பிறந்த" என்றும் பட்டத்தின் பெயரையும் எழுதினால் காலி மட்டுமே மிஞ்சுவார். டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இன் முதல் சம்பியன் படி ரொஜர்ஸ் என்பது சரி. அவர் அதை வென்றதாகச் சொன்ன ரியோ டி ஜெனீரோ போட்டித் தொடர் நடக்கவேயில்லை. "எங்கே வென்றார்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள்.

உயரமும் எடையும் அறிவிப்பாளர் சொன்ன கணக்கு. ஆண்ட்ரே 7 அடி 4 அங்குலம், 520 இறாத்தல் என்று அறிவிக்கப்பட்டவர். "அறிவிக்கப்பட்ட" என்ற சொல் இல்லாமல் கேட்காதீர்கள். கூட்டத்தொகையும் அப்படியே. 1987 மார்ச் 29, ரெஸில்மேனியா 3, ஹோகன் ஆண்ட்ரேயைத் தூக்கிப் போட்ட நாளுக்கு 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அந்தத் தொகையைப் பலர் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. சமநிலை முறிப்புக்குக்கூட அது வேண்டாம்.

எத்தனை கேள்வி, எந்தக் காலம்

அணிக்கு 4 பேர், 8 முதல் 10 அணி. 4 சுற்று, சுற்றுக்கு 10 கேள்வி. ஒவ்வொரு சுற்றுக்கும் 2 மேலதிகக் கேள்வி கையில் இருக்கட்டும். சவால் வந்த கேள்வியை நீக்கி உடனே மாற்ற அதுதான் உதவும்.

காலப் பங்கீட்டை எழுதுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். 1984க்கு முன் 6, 1984–1996 வரை 10, 1997–2001 வரை 10, 2002–2015 வரை 9, அதற்குப் பின் 5. எண்ணிப் பார்க்காமல் எழுதினால் பாதிக் கேள்வி 1997–2001க்குள் விழுந்துவிடும். கேள்வி எழுத முன்வருபவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். பதினைந்து வயதுப் பெடியன்கள் கொண்ட அணி இரண்டாம் சுற்றோடு கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடும்.

பழைய காலத்து 6 கேள்வியும் அமெரிக்காவுக்குள் அடங்க வேண்டியதில்லை. காமா பயில்வான் 1910 செப்டெம்பரில் லண்டனில் ஸ்டனிஸ்லாஸ் ஸபிஸ்கோவுடன் மோதினார். 1928இல் பட்டியாலாவில் மறுபடி மோதி ஒரு நிமிடமும் ஆகுமுன் வென்றார். மேலே சொன்ன லரி ஸபிஸ்கோ தன் பெயரை எடுத்தது இந்த ஸ்டனிஸ்லாஸிடமிருந்துதான். "காமாவின் எதிராளி பெயரைத் தன் மேடைப் பெயராக்கிய, சமார்ட்டினோவின் சீடர்" என்று கேட்டால் இரண்டு நுனியில் எதைப் பிடித்தாலும் விடைக்கு வந்து சேரலாம். யோசித்துக் கண்டுபிடிக்கிற கேள்விக்குத்தான் மேசையில் கலகலப்பு வரும்.

மூன்றாம் சுற்றை மூன்று குறிப்புச் சுற்றாக வையுங்கள். முதற் குறிப்பில் சொன்னால் 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. குறிப்புகள் கடினத்திலிருந்து இலகுவுக்கு இறங்க வேண்டும். உதாரணம்: ஒன்று, 1990இல் டபிள்யூ.சி.டபிள்யூ.வில் "மீன் மார்க்" என்ற பெயரில் இருந்தவர். இரண்டு, பத்தாண்டு கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தார். மூன்று, ரெஸில்மேனியாவில் 21 வெற்றிக்குப் பின் 2014 ஏப்ரல் 6 அன்று புரொக் லெஸ்னரிடம் முதன்முறை தோற்றார். ஒவ்வொரு குறிப்புக்கும் தனிச் சீட்டு, 20 விநாடியில் சேகரிக்க வேண்டும். ஒரே தாளில் எழுதவிட்டால் அடித்து மாற்றுவார்கள்.

ஒலிச் சுற்று வைப்பதானால் ஒவ்வொரு நுழைவிசையிலும் 4 விநாடி போதும். ஒஸ்டினின் கண்ணாடி உடையும் சத்தத்துக்கு ஒரு விநாடியே அதிகம். அதைக் கடைசியில் வையுங்கள். கரண்ட் போனால் வாசிக்க அதே 10 ஆளுக்கும் எழுத்துக் கேள்வி தயாராக இருக்க வேண்டும். திருகோணமலை டச் பே பக்கம் திறந்த மண்டபத்தில் கடற்காற்று போன் ஒலியைத் தின்றுவிடும், ஸ்பீக்கர் இல்லாமல் தொடங்க வேண்டாம். படச் சுற்றைக் கறுப்பு வெள்ளை போட்டோக்கொப்பியில் அடித்தால் கேனின் சிவப்பு முகமூடியும் மன்கைண்டின் தோல் முகமூடியும் ஒரே சாம்பல் நிறமாகும். முகமூடிக்காரருக்கு மட்டுமாவது நிறப்பிரதி எடுங்கள்.

அன்றைய நாள்

ஞாயிறு மாலை 4 மணிக்குத் தொடங்கி 5.30க்குள் முடியுங்கள். கிண்ணியா, மூதூர் அணிகள் மஃரிப் தொழுகைக்கு முன் புறப்பட வேண்டும், பஸ்ஸும் பார்க்க வேண்டும். கோணேசர் கோயில் திருவிழா நாளையும் மெக்கெய்சர் மைதானத்தில் பெரிய உதைபந்தாட்டம் இருக்கும் நாளையும் தவிருங்கள், ஆள் வராது.

போன்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள், பேசின் நடுவர் மேசையில். கேள்வியை இரண்டு முறை வாசியுங்கள், பிறகு 30 விநாடி. சுற்று முடிந்ததும் பக்கத்து அணியுடன் தாளை மாற்றிச் சிவப்புப் பேனையால் திருத்தலாம். ஆட்சேபம் அடுத்த சுற்று தொடங்குமுன், எழுத்தில், அணிக்கு ஒன்று மட்டும். வாய்மூலம் அனுமதித்தால் பிளேன்ரீ ஆறும்வரை முடியாது.

விடைத்தாளின் மேல் "இந்தத் திகதி வரை" என்று எழுதுங்கள். ஜோன் சீனா 16 முறை உலகச் சம்பியன் என்பது 2025 ஏப்ரல் 20 வரை சரி; அன்று ரெஸில்மேனியா 41இல் 17 ஆனது. பழைய கேள்விக் கொப்பியை அப்படியே எடுத்து வாசிப்பவர் மாட்டுவது இங்கேதான்.

சமநிலை வந்தால் எண்ணிக்கைக் கேள்வி. கிட்ட வருபவருக்கு வெற்றி. சமார்ட்டினோவின் முதல் ஆட்சி எத்தனை நாள்? 2,803. அதிலும் இரு அணி ஒரே தூரத்தில் நின்றால் ரோமன் ரெயின்ஸ் 2024இல் கோடி ரோட்ஸிடம் முடித்த ஆட்சி: 1,316. இரண்டையும் தனித்தனிக் கடித உறையில் ஒட்டி, தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள்.