ஒரே கார், சென்னையில் ஒரு பிரீமியம், கோவையில் ஒரு பிரீமியம்: கணக்கைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே ஐ.டி.வி. (காருக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பு). ஆனாலும் சென்னைப் பதிவு எண் கொண்ட காருக்குக் கேட்கும் பிரீமியம், கோவைப் பதிவு எண் கொண்ட காரைவிட இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக வரலாம். ஏஜென்ட்டிடம் கேட்டால் "அது ஜோன் ஏ சார்" என்று முடித்துவிடுவார். அந்தப் பதில் பாதிதான் சரி. ஜோன் என்பது பிரீமியத்துக்காக ஊர்களைப் பிரித்து வைத்த பிரிவு. அதனால் வரும் வித்தியாசம் சில நூறு ரூபாய். மீதியெல்லாம் தள்ளுபடியில் இருக்கிறது. ஜோனை நீங்கள் மாற்ற முடியாது. தள்ளுபடியோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் பாலிசித் தாளைப் பிரியுங்கள்

போன வருடப் பாலிசியை எடுத்து, பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் பெட்டியைப் பாருங்கள். இடது பக்கம் ஓன் டேமேஜ், அதாவது ஓ.டி.: உங்கள் காருக்கு வரும் சேதம், திருட்டு, வெள்ளம், தீ எல்லாம் இதில் வரும். வலது பக்கம் தேர்ட் பார்ட்டி: உங்கள் காரால் மற்றவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம். கடைசியில் 18 சதவீத ஜி.எஸ்.டி.

தேர்ட் பார்ட்டி கட்டணத்தில் ஊர் பேதம் இல்லை. அரசு நிர்ணயிக்கும் தொகை அது, நாடு முழுக்க ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எலெக்ட்ரிக் காருக்கு இதில் 15 சதவீதம் குறைவு. மும்பையானாலும் முதுகுளத்தூரானாலும் இதே தொகைதான். "உங்கள் ஊரில் தேர்ட் பார்ட்டி அதிகம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கோட்டேஷனை அங்கேயே மூடிவிடலாம்.

ஆக, ஊர் வித்தியாசம் முழுக்க ஓ.டி. பக்கம்தான்.

ஜோன் கணக்கு எவ்வளவு?

சொந்தக் கார்களுக்கு இரண்டே ஜோன்கள். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புது டெல்லி, புனே ஆகிய எட்டு நகரங்கள் ஜோன் ஏ. இந்தியாவின் மீதி எல்லா ஊர்களும் ஜோன் பி. கோவை, மதுரை, திருச்சி, கொச்சி, புதுச்சேரி எல்லாம் பி. (சரக்கு லாரிகளுக்குப் பிரிவு வேறு: சென்னை, டெல்லி, கொல்கத்தா, மும்பை ஏ, மற்ற மாநிலத் தலைநகரங்கள் பி, மீதி சி.)

ஐந்து வயதுக்குட்பட்ட, 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்குப் பழைய மோட்டார் டாரிஃப் (முன்பு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல்) விகிதம் ஜோன் ஏ-வில் ஐ.டி.வி.யில் 3.283 சதவீதம், ஜோன் பி-யில் 3.191 சதவீதம். ஐ.டி.வி. 6 லட்சம் என்றால் சென்னையில் 19,698 ரூபாய், கோவையில் 19,146 ரூபாய். வித்தியாசம் 552 ரூபாய், அதுவும் எந்தத் தள்ளுபடியும் போடுவதற்கு முன்னால்.

2007 ஜனவரி 1 முதல் ஓ.டி. விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. இருந்தாலும் பல கம்பெனிகள் பழைய விகிதத்தை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து 'ஓ.டி. டிஸ்கவுன்ட்' என்று ஒரு சதவீதத்தைக் கழிக்கின்றன. கார் மாடல், வயது, பதிவு செய்த ஆர்.டி.ஓ. மூன்றையும் சேர்த்துப் பார்த்து இந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். அதே 6 லட்சம் கார், என்.சி.பி. (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காக ஓ.டி.யில் கிடைக்கும் கழிவு) 35 சதவீதம். சென்னைக்கு 50 சதவீதம் தள்ளுபடி, கோவைக்கு 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னை: 19,698-ல் பாதி 9,849. என்.சி.பி. போக 6,402. தேர்ட் பார்ட்டி 3,416 சேர்த்து 9,818. ஜி.எஸ்.டி.யோடு சுமார் 11,585 ரூபாய்.

கோவை: 19,146-ல் 65 சதவீதம் போக 6,701. என்.சி.பி. போக 4,356. தேர்ட் பார்ட்டி சேர்த்து 7,772. ஜி.எஸ்.டி.யோடு சுமார் 9,171 ரூபாய்.

இடையில் 2,414 ரூபாய். இதே கோவைக் காருக்கும் 50 சதவீதம் தள்ளுபடிதான் என்றால் மொத்தம் 11,373 வரும், அதாவது சென்னையைவிட 212 ரூபாய்தான் குறைவு. ஜோனின் பங்கு அந்த 212. மிச்சம் 2,200 ரூபாயும் தள்ளுபடியின் வேலை.

(உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஊரைப் பொறுத்து மாறுவதில்லை.)

ஒரு ஊருக்கு ஏன் தள்ளுபடி குறைகிறது?

ஒவ்வொரு கம்பெனியும் ஆர்.டி.ஓ. வாரியாகத் தான் வாங்கிய பிரீமியத்தையும் கொடுத்த கிளெய்மையும் கணக்கு வைத்திருக்கிறது. கிளெய்ம் ஏறிய இடத்தில் தள்ளுபடி இறங்கும். பெருநகரத்தில் பெரிய விபத்துகளைவிடச் சின்னச் சின்ன இடிபாடுகள்தான் அதிகம்: பம்பர், கதவு, ஹெட்லைட். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெரிய தொகை இல்லை, ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் லேபர் சார்ஜும் பெயின்ட் கட்டணமும் நகரத்தில் கூடுதல். டெல்லியில் கார் திருட்டு பெரிய காரணம்.

சென்னைக்கு வெள்ளம் ஒரு காரணம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் மூழ்கின, 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. இவையெல்லாம் ஜோன் பி. எனவே 'பி' என்ற எழுத்தைப் பார்த்து வெள்ள அபாயம் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஜோன் பட்டியல் நகரத்தின் பெயரைப் பார்த்துப் போட்டது, உங்கள் தெருவின் மேடு பள்ளம் அதில் இல்லை.

இன்னொரு காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. தேர்ட் பார்ட்டி நஷ்டஈடு சில பகுதிகளில் அதிகமாகப் போகிறது, ஆனால் அதற்கான பிரீமியத்தைக் கம்பெனி கூட்ட முடியாது. கையில் இருக்கும் ஒரே நெம்புகோல் ஓ.டி. தள்ளுபடி என்பதால், அங்கே இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. சென்னையை ஒட்டிய ஒரு ஆர்.டி.ஓ.வை ஒருவர் சென்னையோடு சேர்ப்பார், இன்னொருவர் தனியாக வைப்பார். ஒரு கம்பெனிக்கு மதுரையில் நல்ல அனுபவம் இருந்திருந்தால் அங்கே தாராளமாகக் கொடுக்கும். ஒரே காருக்கு மூன்று கோட்டேஷன் வாங்கச் சொல்வது இதனால்தான்.

கோட்டேஷன்களை ஒப்பிடும் முறை

ஆர்.சி.யையும் பழைய பாலிசியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி முடிய மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே தொடங்கலாம். கடைசி நாளில் ஒப்பிட நேரம் இருக்காது. பாலிசி காலாவதியானால் காரை நேரில் பார்த்தோ வீடியோ எடுக்கச் சொல்லியோ பரிசோதிப்பார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த என்.சி.பி. முழுதும் போய்விடும்.

குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் கோட்டேஷன் எடுங்கள். மூன்றிலும் ஐ.டி.வி.யை ஒரே தொகையாக வைப்பது முக்கியம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் 'குறைந்த விலை' என்று முதலில் வந்து நிற்பது பல சமயம் ஐ.டி.வி.யைக் கீழே இறக்கிய கோட்டேஷன். மேலே சொன்ன கோவைக் காருக்கு ஐ.டி.வி.யை 6 லட்சத்திலிருந்து 5.4 லட்சமாக இறக்கினால் பிரீமியத்தில் மிச்சமாவது சுமார் 514 ரூபாய். கார் திருடு போனாலோ முழுச் சேதமானாலோ கைக்கு வருவதில் குறைவது 60,000 ரூபாய். இதைவிட மோசமான சிக்கனம் கார் இன்சூரன்ஸில் இல்லை.

பிறகு ஆட்-ஆன்களை (தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புகளை) எல்லாம் எடுத்துவிட்டு, என்.சி.பி. கழிப்பதற்கு முந்தைய ஓ.டி. தொகையை மூன்றிலும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு அந்தக் கம்பெனி போட்டிருக்கும் உண்மையான விலை அதுதான். என்.சி.பி. உங்கள் சொந்தச் சம்பாத்தியம். முதல் கிளெய்ம் இல்லாத வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. கம்பெனி மாறினாலும் ஊர் மாறினாலும் அது உங்களோடு வரும். "50 சதவீதம் என்.சி.பி. தருகிறோம்" என்பதைச் சலுகையாகச் சொல்பவர், ஏற்கெனவே உங்களுடையதைத்தான் உங்களுக்குத் தருகிறார்.

அடுத்து வாலன்டரி டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் நீங்களாக ஏற்கும் கூடுதல் பங்கு, ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 1500 சி.சி. வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் ஒவ்வொரு கிளெய்மிலும் எப்படியும் உங்கள் கையிலிருந்து போகும். அதற்கு மேல் நீங்களாக 5,000, 7,500 ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையும். சின்ன இடிபாடுகள் அடிக்கடி வரும் நகர ஓட்டத்துக்கு இது பொருந்தாது.

கடைசியாக, உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு, பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் எது என்று கேளுங்கள். பெருநகரத்தில் இது பிரச்சினையே இல்லை. சின்ன ஊரில் இருப்பவர்கள் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு, விபத்துக்குப் பிறகு காரை எழுபது எண்பது கிலோமீட்டர் இழுத்துப்போக வேண்டியிருக்கும்.

வெள்ளம் வரும் இடமானால்

காம்பிரிஹென்சிவ் பாலிசியில் (ஓ.டி.யும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்தது) வெள்ளச் சேதம் அடக்கம். ஆனால் தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் இழுத்து, கனெக்டிங் ராட் வளைந்துவிட்டால், அந்த எஞ்சின் செலவைச் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) விலக்கிவிடுவார். சேதம் வெள்ளத்தால் நேரடியாக வரவில்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்பது அவர்கள் வாதம். எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இதற்காகத்தான். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரிப் பகுதிகளில் இதை எடுக்காமல் விடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆட்-ஆன் இருந்தாலும் தண்ணீர் ஏறிய காரில் சாவியைத் திருப்பாதீர்கள். படம் எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

வீடு மாறினால், எண் மாறினால்

ஜோனைத் தீர்மானிப்பது நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்ல, கார் பதிவான ஆர்.டி.ஓ. சென்னை கே.கே. நகரில் டி.என். 09 எண் வாங்கிய கார் மதுரையில் ஓடினாலும் பெரும்பாலும் சென்னை விலைதான் வரும். மாநிலத்துக்குள் வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரி மாற்றத்தை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், எண் அப்படியே இருக்கும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் கார் இருந்தால், பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கிப் புதிய எண் போட வேண்டும். புது ஆர்.சி. கைக்கு வந்ததும் அதன் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த மாற்றத்துக்கான எழுத்துப் பதிவு) வாங்குங்கள். கொச்சியிலிருந்து சென்னைக்கு வரும் கார் பி-யிலிருந்து ஏ-வுக்கு ஏறுவதால், மீதமுள்ள நாட்களுக்கு வித்தியாசத் தொகை கேட்கலாம்.

சாலை வரி குறைவு என்று இல்லாத முகவரியைக் காட்டிப் புதுச்சேரியில் பதிந்து சென்னையில் ஓட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வரி அதிகாரிகளின் தொல்லை ஒருபுறம். கிளெய்ம் என்று வரும்போது, உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்ததாகக் கம்பெனி கேள்வி எழுப்ப நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

இணையத்தில் எடுக்கும் பாலிசிகளில் தவறான ஆர்.டி.ஓ. பதிவாவது உண்டு. பட்டியலில் கை தவறிப் பக்கத்து ஆர்.டி.ஓ.வைத் தொட்டிருக்கலாம், அல்லது பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட இடைத்தரகர் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். பாலிசி மின்னஞ்சலில் வந்த அன்றே பதிவு எண், ஆர்.டி.ஓ., எஞ்சின் எண், சேஸிஸ் எண், சி.சி., என்.சி.பி. சதவீதம் ஆறையும் ஆர்.சி.யோடும் பழைய பாலிசியோடும் ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் கஸ்டமர் கேருக்கு எழுத்தில் தெரிவித்து, ஆர்.சி. நகலோடு எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள், கூடுதல் தொகை கேட்டால் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு இதே திருத்தத்தைக் கேட்டால், சர்வேயரின் அறிக்கை அதற்காகவே நின்றுபோகும்.