விதைப்பு மாதத்துக்கு ஏற்ற சேமிப்பு: நேட்டால் மலைக்கிராமப் பெண்களோடு கூட்டுத்தோட்டம் தொடங்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் வெருலம், டோங்காட் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் பலவற்றின் பழைய கதையில் தோட்டக்காரப் பாட்டி ஒருத்தி இருப்பாள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்த பின் சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு டர்பன் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்களுக்கு மேற்கே இண்ட்வெட்வே மலைச்சரிவுகளில் இன்று மண்வெட்டி பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் சூலு பெண்கள். அவர்களோடு சேர்ந்து கூட்டுத்தோட்டம் தொடங்க விரும்பும் நம் சங்கங்களுக்கும் கோயில் மகளிர் குழுக்களுக்கும் உதவும் என்று, அத்தகைய குழுக்களோடு வேலை செய்து கற்றதை இங்கே எழுதுகிறேன்.

விதையையும் கருவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு முதல் நாளே போய் இறங்காதீர்கள். ஒரு கிராமத்தில் நிறுவனம் ஒன்று இலவசமாக அமைத்துக் கொடுத்த நெகிழித்தாள் கூடாரம் ஓர் ஆகஸ்டு மாதக் காற்றில் கிழிந்தது. அதைத் தைக்கவும் ஆளில்லை, மாற்றுத் தாள் வாங்கப் பணமும் இல்லை, ஏனென்றால் அந்தக் கூடாரம் வேண்டும் என்று அங்கிருந்த பெண்களில் எவரும் கேட்டிருக்கவில்லை. ஆகவே முதல் இரண்டு சந்திப்புகளில் கேட்பது மட்டுமே உங்கள் வேலையாக இருக்கட்டும். எந்தப் பயிர் எந்தச் சரிவில் வந்தது, எந்த மாதத்தில் வீட்டில் மாவு தீர்கிறது, தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்பவற்றைக் கோகோ என்று அழைக்கப்படும் மூதாட்டிகள் துல்லியமாகச் சொல்வார்கள். குழு என்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஒருவர் நிலத்தில் எல்லோரும் கூடி வேலை செய்துகொடுக்கும் ‘இலிமா’ என்ற வழக்கமும், நம்முடைய சீட்டைப் போன்ற ‘ஸ்டொக்வெல்’ சேமிப்பும் அங்கே வேரூன்றியவை. புதிய குழுவை இவ்விரண்டின் மேல் கட்டுவதே சரி.

அடுத்தது நிலம். மாகாணத்தின் ஏறத்தாழ 28 லட்சம் ஹெக்டேர் நிலம் சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்டு 1994இல் உருவான இங்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. நடைமுறையில் அதைப் பங்கிட்டுத் தருபவர்கள் பாரம்பரியத் தலைவரான இன்கோசியும், அவருக்குக் கீழுள்ள ஊர்த்தலைவரான இண்டூனாவும். முதலில் இண்டூனாவைக் குழுவின் மூத்த பெண்களே போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் பின்வரிசையில் இருங்கள். நிலம் பெரும்பாலும் ஆண் உறவினர் வழியாகவே பெண்ணின் கைக்கு வருவதால், கணவன் இறந்ததும் விளைந்த தோட்டத்தையே இழந்த பெண்கள் உண்டு. இதைத் தடுக்க, தோட்டத்தின் எல்லைகளும் உறுப்பினர் அனைவரின் பெயர்களும் ஒரு தாளில் எழுதப்பட்டுப் பாரம்பரிய மன்றத்தின் கையொப்பத்தோடு குழுவிடம் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் என்று யாராவது தாளை நீட்டினால் உடனே கையெழுத்திட வேண்டாம். வழக்காற்றுச் சட்டப்படி அந்த நிலத்துக்கு உண்மையில் உரியவர்களான மக்களையே அந்த அறக்கட்டளை குத்தகைதாரர்களாக்கிய ஒப்பந்தங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 2021 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்ட உதவி மையத்தில் காட்டிய பிறகே முடிவு செய்யுங்கள்.

இனிப் பணம். பல குழுக்கள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஸ்டொக்வெல் சேமிப்பு வழக்கமாக டிசம்பரில் பிரிக்கப்படுகிறது. கிறிஸ்துமஸ் செலவுக்கும் சனவரியில் பள்ளிச் சீருடைக்கும் அது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கம் மழை அக்டோபரை ஒட்டித் தொடங்கி மார்ச் வரை பெய்கிறது. விதை, எரு, வேலிக்கம்பி ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படுவது செப்டம்பரில். அந்த மாதத்தில் பெட்டி நிறைய இருந்தும் அதைத் திறக்க முடியாமல், கடன்காரரிடம் அதிக வட்டிக்கு வாங்கி விதைத்த ஒரு குழுவை நான் அறிவேன். டிசம்பரில் பங்கு கைக்கு வந்தபோது அதன் பெரும்பகுதி அந்த வட்டிக்கே போயிற்று.

ஆகையால் டிசம்பர்ச் சேமிப்பைத் தொடாமல், விதைப்புக்கென்று தனிச் சேமிப்பு ஒன்றை மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டு இறுதியில் திறக்கச் சொல்லுங்கள். பதினைந்து பெண்கள் மாதம் 50 ராண்ட் வீதம் ஆறு மாதம் போட்டால் 4,500 ராண்ட் சேரும். சிறு தோட்டம் ஒன்றின் முதல் பருவ விதைக்கும் எருவுக்கும் அதைக்கொண்டு திட்டமிடலாம். மாதக் கூட்டத்தை முதல் வாரத்திலேயே வையுங்கள். முதியோர் தொகையும் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் அந்த நாள்களில்தான் வருகின்றன. பெட்டிக்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகள், அவை மூன்று வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, தொகையைச் சூலுவில் உரக்கச் சொல்லி, பிறகே ஏட்டில் எழுத வேண்டும். படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் கணக்கு மனப்பாடமாக இருந்தால்தான் சந்தேகம் முளைக்காது. தவணை தவறியவருக்கு அபராதம் விதிப்பதைவிட, ஒரு நாள் இலிமா வேலையாக ஈடு செய்ய விடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

மண்ணைப் பொறுத்தவரை, மழை மிகுந்த இப்பகுதி நிலங்கள் அமிலத்தன்மை உடையவை. தோட்டத்தில் இருபது இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக்கிலோ அளவை ஹோவிக் அருகே உள்ள செடாரா ஆய்வகத்துக்கு அனுப்பினால், எவ்வளவு சுண்ணாம்பு இட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். குத்துமதிப்பாகச் சுண்ணாம்பு கொட்டுவது வீண் செலவு.

பாத்திக்கு நான் பரிந்துரைப்பது அகழிமுறை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதியில் மரமனிதர் என்று மக்கள் போற்றிய ராபர்ட் மசிபுகோ ஊர் ஊராகக் கற்பித்த முறை இது. சரிவுக்குக் குறுக்காக இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழி தோண்டி, மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். அடியில் சுள்ளிகளும் சோளத்தட்டையும், அதன் மேல் காய்ந்த புல், மாட்டெரு, சமையலறைக் கழிவு, மண் என்று அடுக்கடுக்காக நனைத்துப் போட்டு, கடைசியில் மேல்மண்ணைப் பரப்பி ஒரு சாண் உயர்த்துங்கள். சில வாரம் ஊறிய பின் நடலாம். அதன் ஈரம் வறண்ட மாதங்களிலும் நிற்கும். தோண்டுவது கடுமையான வேலையாதலால் ஒருவருக்கு ஒரு பாத்தி என்று இலிமா முறையில் வீடு வீடாகச் செய்ய வேண்டும். சரிவின் விளிம்பில் வெட்டிவேரை வரிசையாக நட்டால் மண் அரிப்பு அடங்கும். கூரைநீரையும் மறக்க வேண்டாம்: 40 சதுர மீட்டர்த் தகரக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது, சிந்தியது போகப் பெரும்பகுதியைத் தொட்டியில் பிடிக்கலாம். வேலியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அறுவடை முடிந்ததும் குளிர்காலத்தில் மாடுகளும் ஆடுகளும் அவிழ்த்துவிடப்படும்.

பயிர்களில் அவர்கள் அறிந்ததே முதலிடம் பெறட்டும். அமாடும்பே நம்முடைய சேப்பங்கிழங்குதான். வசந்தத்தில் ஈரமான தாழ்நிலத்தில், செடிக்குச் செடி ஓரடி விட்டு நட்டால் மார்ச் முதல் தோண்டலாம். மழை தொடங்கியதும் தானே முளைக்கும் இம்பூயா நம் கீரைவகையே. அதைக் களையென்று பிடுங்கி எறியச் சொன்ன ஆலோசகர்களின் பேச்சைக் கேட்காமல், சில செடிகளை விதைக்கென விட்டுவைக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு இடையில் அவரையினமும் பூசணியும் வளர்ந்தால் நிலம் மூடியிருக்கும். விதை சேமிக்கப் பழகும் குழு பீன்ஸில் தொடங்குவது எளிது. அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் இனம் மாறாது. சோளம் அப்படியல்ல, காற்றில் மகரந்தம் பரவுவதால், பக்கத்து நிலத்தில் மரபணு மாற்றிய சோளமோ ஒட்டுவிதைச் சோளமோ இருந்தால் கலந்துவிடும். மூன்று நான்கு வாரம் தள்ளி விதைத்துப் பூக்கும் காலத்தைப் பிரித்துக்கொள்ளலாம். கடித்தால் பல் பதியாமல் தெறிக்கும் அளவுக்குக் காய்ந்த விதையைச் சாம்பலில் புரட்டிச் சாடியில் அடைத்து வைப்பது மூதாட்டிகள் அறிந்த முறை, அவர்களையே ஆசிரியர்களாக்குங்கள்.

நம் குழுக்கள் உண்மையில் உதவக்கூடிய இடம் விற்பனை. புரட்டாசியில் நம் வீடுகள் மாமிசம் தவிர்ப்பதால் செப்டம்பர் நடுவிலிருந்து கீரையும் கொத்துமல்லியும் பீன்ஸும் கூடுதலாக விற்கும். ஆகஸ்டுத் தொடக்கத்தில் கொத்துமல்லியை நீர்பாய்ச்சி விதைத்தால் சரியாக வந்து சேரும். தைப்பூசக் காவடிக்கு முன்னும், இசிபிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய வெள்ளித் திருவிழாவை ஒட்டியும் விரதமிருக்கும் வீடுகள் பல. பெரிய வெள்ளி வருவது புதுச் சேப்பங்கிழங்கு தோண்டும் பருவம். அதன் இளந்தழையையும் கட்டாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சேப்பிலையில் மாவு தடவிச் சுருட்டும் பத்தா செய்பவர்கள் தேடி வாங்குவார்கள். கோயில் மண்டபத்தில் முன்பதிவு ஏடு ஒன்றை வைத்து, எத்தனை கட்டு வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே குழுவுக்குச் சொன்னால், பறித்தது வாடி வீணாகாது. கோயிலுக்குத்தானே என்று விலை குறைக்கக் கேட்காதீர்கள். பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியில் வரும் வியாபாரி தோட்டத்து வாசலில் கொடுக்கும் விலையையும், டர்பன் வார்விக் பகுதியின் அதிகாலைச் சந்தை விலையையும் வாரந்தோறும் தொலைபேசியில் தெரிவித்தால், பேரம் பேசும் வலு அவர்களிடமே இருக்கும்.

பதிவுக்கு அவசரம் வேண்டாம். 2005ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டப்படி ஐந்து பேர் சேர்ந்தாலே முதனிலைக் கூட்டுறவு தொடங்கலாம்; ஆனால் உபரியில் குறைந்தது 5 விழுக்காட்டைக் காப்பு நிதியாக ஒதுக்குவதும் ஆண்டறிக்கை தருவதும் கடமையாகிவிடும். இரண்டு ஆகஸ்டு மாதங்கள் பெட்டியைத் திறந்து, எண்ணி, சண்டையில்லாமல் விதை வாங்கிய குழுவே அந்தச் சுமையைத் தாங்கும். அதுவரை ஏட்டை எழுதும் கை குழுவின் இளம்பெண் ஒருத்தியுடையதாக இருக்கட்டும், உங்களுடையதாக அல்ல.