ஞானப்பல் இல்லையா, ஒளிந்திருக்கிறதா? வீட்டுக் கணக்கு எடுக்கும் முறை

என் தம்பிக்கு நான்கு ஞானப்பற்களும் உண்டு. எனக்குக் கீழே இரண்டு மட்டும்தான். மேலே உருவாகவே இல்லை. “அக்காவுக்கு ஞானம் பாதிதான்” என்று அவன் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. பல் எக்ஸ்ரே எடுப்பதே என் பிழைப்பு என்பதால், குடும்பத்தில் யாருக்கு எது இல்லை, இந்தக் குறை பெண்களுக்குத்தானா என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். நீங்களும் எழுதலாம், நான் செய்த தவறை மட்டும் செய்யாதீர்கள்.

வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினேன். பெரியம்மாவுக்கு ‘நான்கும் இல்லை’ என்று எழுதியும்விட்டேன். அவருடைய பழைய ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் பார்த்தால், இடது கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு பல் தனக்கு முன்னாலிருக்கும் பல்லின் மேல் தலைவைத்துப் படுத்திருந்தது! வெளியே வராத பல் வேறு, உருவாகாத பல் வேறு. தாடை முழுவதும் தெரியும் ஓபிஜிதான் இதற்குச் சாட்சி. இதற்கென்று புதிதாக எடுக்க வேண்டாம். பல்லுக்குக் கம்பி போடும்போது எடுத்த படம் பீரோவில் கிடக்கும், தேடுங்கள்.

படத்தில் உங்கள் இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலப்பக்கம். நடுக்கோட்டிலிருந்து எண்ணுங்கள்: வெட்டுப்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பல் இரண்டு, கடைவாய்ப்பல் மூன்று. எட்டாவதுதான் ஞானப்பல். பல் மருத்துவர்கள் அதற்குத் தரும் எண்: வலது மேல் 18, இடது மேல் 28, இடது கீழ் 38, வலது கீழ் 48. சிறுவயதில் ஆறாவதைப் பிடுங்கியவர்களுக்குப் பின்பற்கள் முன்னால் நகர்ந்து நம்மை ஏமாற்றும். எட்டாவதையே பிடுங்கியிருக்கலாம், அதையும் கேளுங்கள். “ஏதோ ஒரு பல்லை எடுத்தார்கள்” என்பவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது வயது. எட்டு, பத்து வயதில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் எலும்பில் மிளகளவு கருவட்டம் தெரியும், சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. பிறகு அதற்குள் குட்டிக் குல்லாய்போலப் பல்லின் மேல்முனைகள் வெளுக்கும். சிலருக்கு இது தாமதமாகும். அதனால் 14 வயதுக்கு முன் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது.

இனி ஆணா பெண்ணா என்ற கேள்வி. பல ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியான உலகளாவிய கணக்குப்படி, ஒரு ஞானப்பல்லாவது உருவாகாதவர்கள் சுமார் 22.6 சதவீதம்; பெண்களுக்கு அந்த வாய்ப்பு ஆண்களைவிட 14 சதவீதம் கூடுதல். இந்த 14-ஐப் பார்த்து மிரள வேண்டாம். நூறு ஆண்களில் 21 பேர் என்றால் நூறு பெண்களில் 23 அல்லது 24 பேர், அவ்வளவுதான். அதே கணக்கில் ஆசியர்களிடம் ஏறக்குறைய 30 சதவீதம், ஆப்பிரிக்கர்களிடம் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே ஆண்பெண் வேறுபாட்டைவிட வம்சத்தின் கை பெரிது. மேல்தாடையில்தான் இந்தக் குறை அதிகம், என்னைப்போல.

பத்துப் பேர் உள்ள வீட்டில் இவ்வளவு சின்ன வேறுபாடு கண்ணில் படாது. எங்கள் நோட்டில் பெண்கள் ஆறு பேரில் இரண்டு, ஆண்கள் ஐந்து பேரில் இரண்டு. தம்பியிடம் காட்டினேன், சித்தப்பா பெயரைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினான்.

அவன் மகளுக்குப் பதினொரு வயது. 28-இன் இடத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பேனாவுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.