மோட்டார்ஹோமில் (வீடுபோலத் தங்கும் வசதியுள்ள வண்டியில்) மின்சாரம் விட்டுவிட்டு வருகிறதா?

விளக்கு மினுக்குகிறது, தண்ணீர் பம்ப் திடீரென நிற்கிறது, வண்டி குழியில் ஏறி இறங்கினால் தானாகவே ஓடுகிறது என்றால் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பல நேரம் குற்றவாளி, சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், திருகியிருக்கும் எர்த் (நெகட்டிவ்) இணைப்புதான். துரு பிடித்திருக்கும், இல்லை போல்ட் தளர்ந்திருக்கும்.

பம்பை ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பம்பின் நெகட்டிவ் ஒயருக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நெகட்டிவ் பாதையில்தான். பம்ப் ஓடாதபோது அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் காட்டும், நம்பாதீர்கள். அளக்கும்போதே ஒவ்வோர் இணைப்பையும் லேசாக அசையுங்கள். எண் எங்கே குதிக்கிறதோ, அங்கேதான் வேலை.

அந்த இணைப்பைக் கழற்றும் முன் வெளியிலிருந்து வரும் கரண்ட், சோலார், கடைசியில் பேட்டரி நெகட்டிவ் எல்லாவற்றையும் துண்டித்துவிடுங்கள். அப்புறம் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.